மூன்று வேகக் குடத்தின் வரலாறு

துவிச்சக்கர வண்டியின் வரலாற்றைக் கூறுவோர், பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும் உறுப்புகளையே எடுத்துப் பேசுவர். உயர்ந்த முன்சில்லு சிறுத்து இரு சில்லுகளும் ஒத்த அளவின ஆயின, சங்கிலி வந்தது, காற்றடைத்த ரயர் வந்தது என்று அவ்வரலாறு செல்லும். பின்சில்லின் நடுவே, உள்ளங்கையில் அடங்கத்தக்க உருக்குக் குடம் ஒன்றினுள் மறைந்து கிடக்கும் பொறியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், பழைய வண்டியொன்றைத் தேடி எடுத்து மீண்டும் ஓடச்செய்ய முயலும் ஒருவருக்கு முதலிற் சோதனையாக வந்து நிற்பது அக்குடமே. சட்டத்துக்கு வர்ணம் பூசியாயிற்று. துருப்பிடித்த கம்பிகள் மாற்றப்பட்டாயிற்று. புதிய ரயரும் இட்டாயிற்று. ஆனால் கியரை மாற்றும் நெம்பைத் தள்ளினால் வேகம் மாறுவதில்லை. அல்லது மாறிய வேகம் நிலைத்து நிற்பதில்லை. உடனே, குடம் பழுதாயிற்று என்று தீர்ப்புக் கூறி, அதனைக் கழற்றி எறிந்துவிடுவோர் பலர். அத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. அஃது ஏன் தவறானது என்பதை அறிய, அக்குடம் தோன்றிய வரலாற்றையும் அது தொழிற்படும் முறையையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

1885ஆம் ஆண்டில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உருவாக்கிய ‘றோவர்’ வண்டியே இன்றைய வண்டிக்கு முன்மாதிரியாயிற்று. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபோது வண்டி பாதுகாப்பானதும் சுகமானதும் ஆயிற்று. எனினும் ஒரு குறை எஞ்சி நின்றது. மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் செல்லும் என்பது, மிதியோடு இணைந்த பெரிய பற்சில்லுக்கும் பின்சில்லோடு இணைந்த சிறிய பற்சில்லுக்கும் உள்ள விகிதத்தாலும், பின்சில்லின் அளவாலும் முடிவாகிறது. சமதரைக்கு ஏற்ற விகிதம் மேட்டிற்குப் பாரமாகும். மேட்டிற்கு ஏற்ற விகிதம் பள்ளத்தில் வீண் சுற்றாகும். எதிர்காற்று வீசும் நாளில் சமதரையும் மேடுபோலாகிவிடும். மனிதனின் காலுக்குரிய வலிமையோ ஓர் அளவிற்கு உட்பட்டது. ஆகவே, பாதைக்கு ஏற்ப விகிதத்தை மாற்றிக்கொள்ளும் வழியொன்று தேவையாயிற்று.

அவ்வழியைத் தேடியவர்கள் இரு பிரிவினராயினர். பிரான்சிலே, செந்தெத்தியென் நகரைச் சேர்ந்த போல் டி விவி போன்றோர் ஒரு வண்டியிலே பல விகிதங்களை அமைத்துப் பல்லாண்டுகள் பரிசோதனை செய்தனர். அம்முயற்சிகளின் வழியே, சங்கிலியை ஒரு பற்சில்லிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் வெளிப்பொறி அங்கே வளர்ந்தது. ஆனால் பிரான்சின் புகழ்பெற்ற சுற்றோட்டப் பந்தயத்தில் அப்பொறிக்கு 1937ஆம் ஆண்டுவரை இடமளிக்கப்படவில்லை. கியர் என்பது வலிமை குன்றியவருக்கு உரியது என்ற எண்ணம் பந்தய அமைப்பாளரிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. இங்கிலாந்திலோ, பொறி முழுவதையும் பின்சில்லின் குடத்தினுள்ளே அடக்கிவிடும் முறை விரும்பப்பட்டது. மழையும் சேறும் புழுதியும் உட்புகா என்பது இதன் சிறப்பு. உள்ளே நிகழ்வது யாதென வெளியிலிருந்து காணவியலாது என்பது இதன் குறை. பிற்காலத்தில் இக்குடத்தின் மீது சுமத்தப்பட்ட பழிகளுக்கெல்லாம் அக்குறையே வித்தாயிற்று.

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள சல்போர்ட் நகரில் வில்லியம் றெய்லி என்னும் பொறியியலாளர் வாழ்ந்தார். 1890களின் பிற்பகுதியில் அவர் அமைத்த இரு வேகக் குடம் ‘தி ஹப்’ என்ற பெயரால் விற்பனைக்கு வந்து நற்பெயர் பெற்றது. அடுத்து அவர் மூன்று வேகங்களைத் தரும் குடமொன்றை வகுத்தார். ஆனால் முன்னைய நிறுவனத்துடன் அவர் செய்திருந்த ஒப்பந்தம் அவருடைய பிந்திய கண்டுபிடிப்புகளையும் கட்டுப்படுத்தியது. ஆகவே மூன்று வேகக் குடத்துக்கான காப்புரிமை, அவருடைய சக தொழிலாளரான ஜேம்ஸ் ஆர்ச்சரின் பெயரிலேயே கோரப்பட்டது. துவிச்சக்கர வண்டி வரலாற்று ஆய்வாளர் டோனி ஹட்லண்ட் 1987இல் வெளியிட்ட நூலில் இச்செய்தியை எடுத்துக்காட்டியுள்ளார்.

இதே காலத்தில் ஹென்றி ஸ்டர்மி என்பவரும் மூன்று வேகக் குடமொன்றுக்கு 1901இல் காப்புரிமை கோரியிருந்தார். ஸ்டர்மி ஒரு காலத்தில் பாடசாலை ஆசிரியராயிருந்தவர். பின்னர் ‘தி சைக்கிளிஸ்ட்’ என்ற பத்திரிகையின் ஆசிரியராகி, 1895இல் தொடங்கிய ‘தி ஓட்டோகார்’ என்ற மோட்டார்ப் பத்திரிகைக்கும் முதல் ஆசிரியரானவர். எழுத்தாளரின் கருத்து ஒன்று, பட்டறைத் தொழிலாளரின் கருத்து ஒன்று என இரண்டு கருத்துகள் ஒரே வேளையில் எழுந்து நின்றன. இரண்டின் உரிமையையும் பெற்று ஒன்றாக்கியவர் நொட்டிங்ஹாம் நகரின் றலி கம்பனியின் அதிபர் பிராங்க் போடன். அந்நகரின் றலி வீதியிலிருந்த ஒரு சிறு பட்டறையைக் கையேற்று, அதனை உலகறிந்த தொழிற்சாலையாக வளர்த்தவர் அவர். நோயுற்றிருந்த காலத்தில் சைக்கிளோட்டத்தால் உடல்நலம் மீண்டவர் ஆதலின், அத்தொழிலில் அவருக்கு வாணிபத்துக்கு அப்பாற்பட்ட பற்றும் இருந்தது.

இவ்வாறு பிறந்த குடத்துக்கு ‘ஸ்டர்மி-ஆர்ச்சர்’ என்று பெயரிடப்பட்டது. உருக்கில் பொறிக்கப்பட்ட அவ்விரு பெயர்களும் உலகெங்கும் பரவின. மூன்று வேகக் குடத்தை வகுத்த றெய்லியின் பெயரோ அதில் இடம்பெறவில்லை. ஒப்பந்தத்தின் ஒரு வாசகம், ஒரு மனிதனின் பெயரை மக்கள் நினைவிலிருந்து மறைக்கப் போதுமாயிற்று. குடத்தின் மேற்புறத்தில் எழுதியிருப்பதைக் கொண்டு உட்புறத்தை அறிய இயலாது என்பது அதன் பொறிக்கு மட்டுமன்றி, அதன் வரலாற்றுக்கும் பொருந்துகின்றது.

முதற் குடத்தைப் பின்பற்றிப் பல வகைகள் வெளிவந்தன. அவற்றுள் 1936இல் வெளியான ‘ஏ.டபிள்யூ.’ என்ற வகையே மிகப் பெருந்தொகையாக வழங்கியது. றலி கம்பனி 1932இல் ஹம்பர் வண்டிகளையும் 1943இல் றட்ஜ் வண்டிகளையும் தன்னுடையதாக்கிக்கொண்டமையால், அப்பெயர்கள் தாங்கிய வண்டிகளிலும் இக்குடம் காணப்படும். இலங்கையின் பழைய வீடுகளின் பின்கொட்டில்களிலே கிடக்கும் இங்கிலாந்து வண்டிகள் சிலவற்றிலும் இதனைக் காணலாம். குடத்தின் உடலைத் துடைத்துப் பார்த்தால் வகையின் எழுத்துகளும், அவற்றின் அருகே செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் எண்ணும் தெரியும். 57 என்றிருப்பின் 1957இல் ஆக்கப்பட்டது என்பது பொருள். வண்டியைப் புதுப்பிப்போர் அதன் வயதை அறிய இவ்வெண் பெரிதும் உதவும். ஆனால் சில்லு பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் மறத்தல் ஆகாது.

இக்குடத்தின் அமைப்பு வானிலே கோள்கள் ஞாயிற்றைச் சுற்றும் முறையை ஒத்தது. நடுவே, அசையாத அச்சிலே, 20 பற்களையுடைய பற்சில்லு ஒன்று நிலையாக அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்து, தலைக்கு 20 பற்களையுடைய நான்கு சிறு பற்சில்லுகள் ஒரு கூட்டிற் பொருத்தப்பட்டுச் சுற்றிவருகின்றன. இவை அனைத்தையும் வளைத்து, உட்புறம் 60 பற்கள் வெட்டிய வளையம் ஒன்று உள்ளது. சங்கிலி தரும் விசை வளையத்திற் சென்று கூட்டின் வழியே வெளிவருமாயின் சில்லு மெதுவாகச் சுழலும். விகிதம் 60க்கு 80, அதாவது நாலில் மூன்று. விசை கூட்டிற் சென்று வளையத்தின் வழியே வெளிவருமாயின் விரைவாகச் சுழலும். விகிதம் 80க்கு 60, அதாவது மூன்றில் நான்கு. வளையத்திற் சென்று வளையத்தின் வழியாகவே வெளிவரின் மாற்றமில்லை, அதுவே நடுவேகம். 26 அங்குலச் சில்லும், 46 பற்களையுடைய முன்பற்சில்லும், 18 பற்களையுடைய பின்பற்சில்லும் கொண்ட வண்டி, மிதியின் ஒரு சுற்றுக்கு நடுவேகத்தில் ஏறக்குறைய 17 அடி செல்லும்; தாழ்வேகத்தில் 13 அடியும் உயர்வேகத்தில் 23 அடியும் செல்லும்.

விசை எவ்வழியாற் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, அச்சின் மீது இடமும் வலமுமாக நகரும் சிலுவை வடிவான கிளச்சு ஆகும். ஒரு சுருள்வில் அதனை எப்பொழுதும் உட்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கும், அந்நிலை உயர்வேகம். கைபிடியருகேயுள்ள நெம்பு, நீண்ட இழுகம்பி ஒன்றினால் அதனை வெளிப்புறமாக இழுக்கும். சிறிது இழுத்தால் நடுவேகம்; முற்றாக இழுத்தால் தாழ்வேகம். உறைக்குள் ஓடும் இத்தகைய இழுகம்பிக்கு ஆங்கிலத்திலே ‘போடன் கம்பி’ என்று பெயர். றலி கம்பனியின் பிராங்க் போடனே இதனைக் கண்டவர் எனப் பலர் எண்ணுவர். அது சரியன்று, 1896இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஏனெஸ்ட் மொனிங்டன் போடன் என்னும் வேறொருவர். இக்குடத்தின் வரலாற்றிலே பெயர்கள் மயங்குவது இஃது இரண்டாம் முறை.

கிளச்சு முழுதும் நகரும் தூரம் சில மில்லிமீற்றர் மாத்திரமே. ஆகவே இழுகம்பி சிறிதளவு நீண்டாலும், அதன் உறையைத் தாங்கும் கவ்வி மேற்குழாயிலே சற்று வழுக்கினாலும் கிளச்சு தன் இடத்தை விட்டு விலகிவிடும். குடத்தின் மீது சுமத்தப்படும் குற்றங்களிற் பெரும்பான்மை உண்மையில் இந்த இழுகம்பியின் குற்றங்களே. இவற்றை வேறுபடுத்தி அறிவதற்குக் குடத்தைத் திறக்க வேண்டுவதில்லை. காது கொடுத்துக் கேட்டாற் போதும். நடுவேகத்திலும் உயர்வேகத்திலும் மிதிக்கும்போது குடத்தினுள்ளே ‘டிக், டிக்’ என்ற மெல்லொலி எழும். தாழ்வேகத்துக்குரிய தடைநாக்குகள் பற்களின் மீது வழுக்கிச் செல்வதால் எழும் ஒலி அது. தாழ்வேகத்தில் மிதிக்கும்போது அவ்வொலி இராது. நெம்பு தாழ்வேகத்தில் இருந்தும் ஒலி கேட்குமாயின், குடம் இன்னும் நடுவேகத்திலேயே இருக்கின்றது. கம்பி தளர்ந்துள்ளது என்று துணியலாம். ஒலியுமின்றி, விசையுமின்றி மிதி வீணே சுழலுமாயின், அந்நாக்குகள் பழைய எண்ணெயின் பிசினிலே ஒட்டிக்கொண்டன என்று கருதலாம். உயர்வேகம் வர மறுக்குமாயின், கம்பி மிக இறுகியிருத்தல் வேண்டும், அல்லது உறைக்குள் துருவேறிச் சிக்கியிருத்தல் வேண்டும்.

இவற்றினும் பாரதூரமான குறை ஒன்றுண்டு. ஏ.டபிள்யூ. குடத்தின் நடுவேகத்துக்கும் உயர்வேகத்துக்கும் இடையே, கிளச்சு எதனையும் பற்றாத வெற்றிடம் ஒன்று இருக்கின்றது. கம்பி தளர்ந்த வண்டியிலே நடுவேகத்தை நாடும் கிளச்சு இவ்வெற்றிடத்தின் விளிம்பில் நின்றுவிடும். சாதாரணமாக மிதிக்கும்போது அது தன் பிடியை விடாதிருக்கலாம். ஆனால் மேட்டிலே ஓட்டுநர் எழுந்து நின்று தம் உடற்பாரம் முழுவதையும் மிதியின் மீது வைக்கும் கணத்திலே பிடி நழுவும்; மிதி காலடியிலிருந்து விழுந்துபோகும்; ஓட்டுநர் மேற்குழாயின் மீதோ வீதியின் மீதோ மோதுவார். பின்னால் மோட்டார் வாகனம் வருமாயின் விளைவைக் கூறவேண்டுவதில்லை. வர்ணமும் பளபளப்பும் கொடுத்து, கம்பியைச் சீர்செய்யாது வீதிக்கு அனுப்பப்படும் பழைய வண்டி, துருப்பிடித்து மூலையிற் கிடக்கும் வண்டியிலும் ஆபத்தானது.

இதற்குரிய பரிகாரத்தை அமைத்தவர்களே வகுத்து வைத்துள்ளனர். அச்சின் வலப்புறத்து முனையிலிருந்து சிறு சங்கிலி ஒன்று வெளிவருகின்றது. அது குடத்தினுட் செல்லும் மெல்லிய கோலொன்றின் முனையிற் பொருத்தப்பட்டது. வலப்புறத்துச் சுரையின் பக்கத்தில் துளையொன்று உண்டு. அழகுக்காக இடப்பட்டதன்று அது. உள்ளே பார்ப்பதற்கான சாளரம். நெம்பை நடுவேகத்தில் வைத்து, மிதியைச் சிறிது சுழற்றி, அத்துளையினூடே நோக்க வேண்டும். கோலின் முனை அச்சின் முனையோடு ஒரே மட்டமாய் நிற்குமாயின் எல்லாம் ஒழுங்கு. முனை வெளியே நீண்டிருந்தால் கம்பி இறுக்கம். உள்ளே ஒடுங்கியிருந்தால் தளர்வு. சங்கிலியின் முடிவிலுள்ள திருகுக் குழலைச் சுழற்றி இதனைச் சரிசெய்து, அதன் பூட்டுச் சுரையை இறுக்கி, மூன்று வேகங்களையும் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

இம்முயற்சிக்கு முன்னர் செய்யவேண்டியன சில உள. சிறு சங்கிலியின் கோலை உட்புறமாக முற்றாகத் திருகி, சங்கிலி நேராக நிற்கும் அளவுக்கு மாத்திரம், அரைச் சுற்றுக்கு மேற்படாமல் பின்வாங்க வேண்டும். பாதியளவே திருகிய கோல் எந்த ஒழுங்குக்கும் நிலைத்து நில்லாது. துளையுள்ள சுரை தொலைந்துபோய்ச் சாதாரணச் சுரை இடப்பட்டிருப்பின், அதன் விளிம்பிலே சங்கிலி உராய்ந்து தேயும். மேற்குழாயின் கவ்வி அசையாதிருக்கின்றதா என்பதையும், கம்பி திரும்பும் இடத்திலுள்ள சிறு கப்பி தடையின்றிச் சுழல்கின்றதா என்பதையும் நோக்க வேண்டும். அச்சின் இருபுறமும் இடப்படும் பூட்டு வளையங்களின் பல் வண்டிச் சட்டத்தின் பிளவினுட் பொருந்தியிருத்தல் இன்றியமையாதது. நடுப்பற்சில்லு அச்சோடு ஒன்றியது ஆதலின், அச்சு சுழலுமாயின் விகிதங்கள் குலைவதோடு சங்கிலியும் முறுகி அறுந்துவிடும்.

பல்லாண்டுகள் ஓடாது கிடந்த குடத்துக்கு வேண்டியது எண்ணெய். உடலிலுள்ள சிறு மூடியைத் திறந்து மண்ணெண்ணெய் சிறிதளவு இட்டுச் சில்லைச் சுழற்றினால் பிசின் இளகும். அதனை வடியவிட்டபின், மெல்லிய கனிய எண்ணெய் ஒரு தேக்கரண்டியளவு இடுதல் வேண்டும். காலப்போக்கிற் பிசினாகிவிடும் தாவர எண்ணெயும், பற்சில்லுகளிடையே தடித்த கிறீசும் நாக்குகளின் மெல்லிய விற்களைச் செயலிழக்கச் செய்யும். இத்தனையும் செய்தபின்னும் உயர்வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது பிடி நழுவுமாயின், அப்பொழுதுதான் கிளச்சின் மூலைகள் தேய்ந்தன என்று கொண்டு குடத்தைத் திறப்பது முறை. திறந்தாலும் அஞ்சவேண்டுவதில்லை. தேய்ந்த உறுப்பை மாத்திரம் எடுத்து வேறொன்றை இடக்கூடிய வகையிலேயே அஃது அமைக்கப்பட்டுள்ளது.

இவ்வமைப்பின் அருமையை அதன் உரிமையாளரே ஒருமுறை மறந்தனர் எனலாம். 1950களின் நடுப்பகுதியிலே ஏ.டபிள்யூ. குடத்துக்குப் பதிலாக ‘எஸ்.டபிள்யூ.’ என்ற புதிய வகை வெளியிடப்பட்டது. உறுப்புகள் குறைவு, உடலும் சிறிது. விற்களால் தாங்கப்பட்ட தடைநாக்குகளுக்குப் பதிலாக, வில்லில்லாத பிறை வடிவத் துண்டுகள் அதில் இடப்பட்டன. அவை வேண்டிய வேளையிற் பற்களைப் பற்றாது நழுவுகின்றன என்ற முறைப்பாடுகள் எழுந்தன. சில ஆண்டுகளுக்குள் அவ்வகை கைவிடப்பட்டது, பழைய ஏ.டபிள்யூ. குடமே தொடர்ந்து ஆக்கப்பட்டது. ஆகவே பழைய வண்டியொன்றின் குடத்திலே எஸ்.டபிள்யூ. என்ற எழுத்துகள் காணப்படுமாயின், கம்பியைச் சீர்செய்தபின்னும் நழுவல் தொடர்தல் வியப்பன்று. அங்கே குற்றம் உண்மையாகவே உள்ளே இருக்கக்கூடும். பொது விதியை அறிவதோடு, விலக்கையும் அறிந்திருத்தல் தொழில் அறிவின் பகுதியாகும்.

நொட்டிங்ஹாமில் இக்குடங்களின் உற்பத்தி 2000ஆம் ஆண்டுடன் முடிவுற்றது. பெயரும் பொறிகளும் தாய்வானின் சன்றேஸ் நிறுவனத்திடம் சென்றன. அங்கே ஆக்கப்படும் புதிய குடங்களில் நடுவேகத்தை அடுத்திருந்த ஆபத்தான வெற்றிடம் நீக்கப்பட்டது. ஆயினும் உலகின் பல பாகங்களிலும் கிடக்கும் பழைய குடங்களில் அவ்வெற்றிடம் இன்றும் இருக்கின்றது. அவற்றை மீண்டும் வீதிக்குக் கொண்டுவருவோர், கம்பியின் ஒழுங்கை வண்டியின் அழகுக்கு முன்னர் வைத்தல் வேண்டும். ஒரு திருகுக் குழலைச் சிறிது சுழற்றுவதாலே தீரக்கூடிய குறைக்காக, ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைத்த பொறியைக் குப்பையில் எறிவது அறியாமை. அக்குறை இல்லையென்று எண்ணி அதன்மீது ஏறுவது அதனினும் பெரிய அறியாமை.

குடத்தைத் துடைத்து, ஆண்டின் எண்ணைப் படித்து, துளையினூடே கோலின் முனையை நோக்கும் ஒருவர் ஸ்டர்மியின் பெயரையும் ஆர்ச்சரின் பெயரையும் காண்பார். அக்கோலின் மறுமுனையில், கண்ணுக்குத் தெரியாத இருளிலே, பற்சில்லுகள் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. அவற்றை ஒழுங்குபடுத்தி வைத்தவர்களிலே வில்லியம் றெய்லியும் ஒருவர் என்பதை அறிந்திருத்தல், ஒரு நல்ல தொழிலாளிக்குப் பின்வந்தோர் செலுத்தக்கூடிய கடனாகும்.